மினி டிராக்டருக்கு ரோட்டவேட்டர் தேர்ந்தெடுப்பது எப்படி? கொங்கு மண்ணுக்கான முழுமையான வழிகாட்டி

கோவை, ஈரோடு, திருப்பூர் என எந்த ஊர்க் கடையில் நுழைந்து ரோட்டவேட்டர் (டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் பிளேடுகளால் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் கருவி) வேண்டும் என்று கேட்டாலும், முதலில் வருவது "எத்தனை அடிங்க?" என்ற கேள்விதான். வாங்கப் போகிறவரும் பக்கத்துத் தோட்டத்தில் ஓடுவதை நினைவில் வைத்து நாலடி என்றோ ஐந்தடி என்றோ சொல்லிவிடுகிறார். 50 குதிரைத்திறன் டிராக்டர் வைத்திருப்பவர் இப்படி வாங்கினாலும் எஞ்சினின் வலு அந்தத் தவறை மூடிவிடும். 15 முதல் 30 குதிரைத்திறன் வரையுள்ள மினி டிராக்டரில் அதற்கு இடமில்லை. அரை அடி கூடினால்கூட எஞ்சின் திணறும், டீசல் கூடும், கிளட்ச் தேயும், உழவு ஆழமும் குறைந்துவிடும். ஆகவே அகலத்தைக் கடைசியில் முடிவு செய்ய வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை. மண், பி.டி.ஓ. (டிராக்டரின் பின்னாலிருந்து கருவியைச் சுழற்றும் தண்டு) திறன், பளு தூக்கும் திறன், பயிரின் இடைவெளி ஆகிய நான்கையும் முதலில் தெரிந்துகொண்டால், எத்தனை அடி என்ற விடை தானாகவே வந்து நிற்கும்.

எங்கள் தோட்டம் பாதி செம்மண்ணும் பாதி கரிசலுமாக ஏழு ஏக்கர். 22 குதிரைத்திறன் டிராக்டருக்கு நாலடி தாராளமாகப் போதும் என்று ஒரு விற்பனையாளர் சொன்னதை நம்பி நான் வாங்கினேன். செம்மண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. மக்காச்சோளம் அறுத்த கரிசல் துண்டில் இறக்கியதும், முதல் சாலிலேயே எஞ்சின் சத்தம் தாழ்ந்தது. இரண்டு அங்குலத்துக்கு மேல் இறக்க முடியாமல் மேல்மண்ணைச் சுரண்டியதோடு அந்த உழவு முடிந்தது. இரண்டாம் ஆண்டில் கிளட்ச் பிளேட்டை மாற்ற வேண்டி வந்தது. அந்தக் கருவியை நட்டத்துக்கு விற்றுவிட்டு, அகலம் குறைந்த ஒன்றை வாங்கிய பிறகுதான் வேலை நிறைவாக நடக்கிறது. அந்த இழப்பு இன்னொருவருக்கு நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டர் மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 2,000 சதுர மீட்டர் உழும். திரும்பும் நேரம், ஒரு சாலின் மேல் அடுத்த சால் ஏறும் அளவு ஆகியவற்றுக்காக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 1,600 சதுர மீட்டர் மிஞ்சும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். எனவே ஏக்கருக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். ஐந்து ஏக்கரை ஆண்டுக்கு இரண்டு முறை உழுகிறவருக்கு 25 மணி நேர வேலைதான் இருக்கிறது. அந்த அளவுக்கு மட்டுமே தேவையுள்ளவர், வேளாண்மைப் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டத்திலோ உள்ளூரிலோ மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டிக்கொள்வது நல்லது. பெரிய டிராக்டர் நுழைய முடியாத தென்னந்தோப்பு, வாழைத்தோப்பு, பழத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கும், களை முளைத்தவுடன் அதே வாரத்தில் ஓட்டியாக வேண்டியவர்களுக்கும் சொந்தக் கருவி அவசியம்.

முதல் படி: மண்ணைப் பார்த்தல்

கொங்கு நாட்டில் ஒரே ஊருக்குள் மூன்று வகை மண் இருக்கும். அவிநாசி, பல்லடம், சூலூர்ப் பகுதிகளில் கரிசலும் செம்மண்ணும் அடுத்தடுத்த காடுகளிலேயே, அதாவது புன்செய் நிலங்களிலேயே, மாறி வருகின்றன. காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர்ப் பக்கம் சரளையும் சுக்காங்கல்லும் கலந்த மேட்டு நிலம் அதிகம். கோபி, சத்தியமங்கலம், பவானிப் பகுதிகளில் வாய்க்கால் பாயும் வயல்களில் களிமண் சேறு இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ரோட்டவேட்டரிடம் வேறு வேறு வேலையைக் கேட்கின்றன.

செம்மண் எளிதில் உடையும். ஆகவே திறன் குறைவாகவே தேவைப்படும். ஆனால் அதிலுள்ள மணல், அரம் போலப் பிளேடைத் தேய்த்துவிடும். அதைப் பொடியாக்குவதிலும் அளவு வேண்டும். இரண்டு மூன்று சால் ஓட்டி மாவு போல ஆக்கிய செம்மண்ணில் ஒரு மழை பெய்து வெயில் காய்ந்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். நிலக்கடலையும் சோளமும் அந்த ஓட்டைப் பிளந்து முளைக்கத் திணறும். அதனால் செம்மண்ணில் ஒரே சாலில் வேலையை முடிக்கிற கருவியே சிறந்தது.

கரிசலில் சிக்கல் வேறு. காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் பிளேடில் அப்பிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாட்களே நீடிக்கும். நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டி, இடுப்பளவு உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். விழுந்ததும் உதிர்ந்தால் ஓட்டலாம். உருண்டை அப்படியே கிடந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். ஈரம் மிகுந்த கரிசலில் ரோட்டவேட்டர் ஓட்டுவது நிலத்துக்குத் தீங்கு. சுழலும் பிளேடின் அடிப்பாகம் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் மண்ணைத் தேய்த்துச் செல்வதால், ஐந்தாறு அங்குலத்துக்குக் கீழே சாணம் மெழுகியது போல ஓர் இறுகிய அடுக்கு உருவாகும். அதற்குக் கீழே தண்ணீர் இறங்காது, வேரும் இறங்காது. மஞ்சளில் கிழங்கு அழுகும் இடங்களைத் தோண்டிப் பார்த்தால், தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்பதற்கு இந்த அடுக்கே காரணமாக இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். ரோட்டவேட்டர் வைத்திருப்பவர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது கோடையில், மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, பெரிய டிராக்டரை வாடகைக்கு அமர்த்தி, இந்த அடுக்கை உடைக்க உளிக்கலப்பை ஓட்ட வேண்டும். அந்தச் செலவையும் ரோட்டவேட்டர் வாங்கும் செலவோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

சரளைக் காட்டில் ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கு முன் இருமுறை யோசியுங்கள். முட்டி அளவு கற்கள் மேலே கிடந்தால் ஒன்பது கொத்துக் கலப்பையே ஏற்றது. கல்லைத் தொட்டதும் அதன் கொத்து ஸ்பிரிங்கில் விலகிக்கொள்ளும், ரோட்டவேட்டர் பிளேடுக்கு விலக வழியில்லை. மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டில் தயவுசெய்து இதை இறக்கவே வேண்டாம். கிளுவை வேலிக்குள் தலைமுறைகளாக வேரூன்றிய கொழுக்கட்டைப் புல்லை ஒரே நாளில் அறுத்துப் போட்டுவிட முடியும். அதைத் திரும்பக் கொண்டுவருவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கோரைக்கிழங்கும் அருகம்புல்லும் மண்டிய நிலமானால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிளேடு அருகின் தண்டைத் துண்டு துண்டாக வெட்டி நிலம் முழுவதும் பரப்பும். ஈரத்தில் ஓட்டினால் ஒவ்வொரு துண்டும் தளிர்க்கும். கோரைக் கிழங்குகளின் சங்கிலித் தொடர் அறுந்து ஒவ்வொன்றும் தனித்தனியே முளைக்கும். அத்தகைய நிலத்தைச் சித்திரை வெயிலில் கொத்துக் கலப்பையால் கிளறி, வேரையும் கிழங்கையும் மேலே கொண்டுவந்து உலர்த்திய பிறகே ரோட்டவேட்டருக்கு வர வேண்டும்.

இரண்டாம் படி: டிராக்டரின் உண்மையான திறனை அறிதல்

பானட்டில் எழுதியிருக்கும் குதிரைத்திறன் எஞ்சினுடையது. ரோட்டவேட்டரைச் சுழற்றுவதற்குக் கிடைப்பது பி.டி.ஓ. தண்டில் வரும் திறன் மட்டுமே. அது பெரும்பாலும் எஞ்சின் திறனில் 85 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 24 குதிரைத்திறன் டிராக்டரில் ஏறத்தாழ 20, 18 குதிரைத்திறன் டிராக்டரில் ஏறத்தாழ 15 என்று வைத்துக்கொள்ளலாம். டிராக்டரோடு வந்த கையேட்டில் பி.டி.ஓ. திறன் தனியாகக் குறிப்பிடப்பட்டிருந்தால் அதையே கணக்கில் கொள்ளுங்கள்.

கலப்பைக்கும் ரோட்டவேட்டருக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். கலப்பையை இழுப்பதற்கு டிராக்டரின் எடையும் டயரின் பிடிப்பும் தேவை. மினி டிராக்டர் அங்கேதான் தோற்கிறது. ரோட்டவேட்டரின் பிளேடுகளோ சக்கரம் உருளும் அதே திசையில் சுழன்று மண்ணைப் பின்னுக்குத் தள்ளுவதால், டிராக்டரை முன்னுக்கு உந்துகின்றன. எடை குறைந்த டிராக்டருக்கு இது மிகப் பொருத்தமான கருவியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சரிவில் இறங்கும்போது இந்த உந்துதல் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகக்கூடும் என்பதையும் அதே காரணத்தால் நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்ததாகப் பி.டி.ஓ. வேகம். ரோட்டவேட்டர்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு வடிவமைக்கப்பட்டவை. உங்கள் டிராக்டரின் மீட்டரில் எஞ்சின் எத்தனை சுற்றில் ஓடும்போது பி.டி.ஓ. 540-ஐத் தொடுகிறது என்று கையேட்டில் பார்த்து, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். சில மினி டிராக்டர்களில் 540-உடன் 750 அல்லது 980 சுற்று நிலையும் உண்டு. அது மருந்து தெளிப்பான் போன்ற இலகுவான வேலைகளுக்கானது. மண் பொடியாகட்டும் என்று அதில் போட்டு ரோட்டவேட்டரை ஓட்டினால் கியர் பாக்ஸும் பேரிங்கும் தாங்காது.

மூன்றாவதாகக் கிளட்ச். ஒற்றைக் கிளட்ச் டிராக்டரில் பெடலை மிதித்ததும் சக்கரமும் பி.டி.ஓ.வும் ஒன்றாக நின்றுவிடும். மண் அடர்ந்த இடத்தில் டிராக்டரை மட்டும் நிறுத்தி, பிளேடைச் சுழலவிட்டு அடைப்பைச் சரிசெய்ய முடியாது. இரட்டைக் கிளட்ச்சோ, தனியாக இயங்கும் பி.டி.ஓ.வோ இருந்தால் அந்த வசதி கிடைக்கும். இனிமேல்தான் டிராக்டரே வாங்கப் போகிறீர்கள் என்றால், ரோட்டவேட்டர் வேலையை முன்னிட்டு இந்த ஒரு வசதிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் தவறில்லை. கூடவே, எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது முதல் கியரில் மணிக்கு 2 கிலோமீட்டருக்கு அருகில் நகரக்கூடிய டிராக்டராக இருக்க வேண்டும். அதற்கு மேல் வேகமாக நகரும் டிராக்டர் கரிசலில் கட்டி கட்டியாகத்தான் உழும்.

மூன்றாம் படி: தூக்கும் திறனும் இணைப்பும்

மினி டிராக்டர்களின் ஹைட்ராலிக் பெரும்பாலும் 500 முதல் 750 கிலோ வரை தூக்கும் என்று எழுதியிருக்கும். அந்த அளவு கீழ் இணைப்புக் கைகளின் முனையில் அளந்தது. ரோட்டவேட்டரின் எடை அந்த முனைக்கும் பின்னால் தள்ளி நிற்பதால், எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் எடையுள்ள கருவியை மாட்டாமல் இருப்பது நல்லது. தூக்கும்போது முன்சக்கரம் லேசாகி, திருப்பினால் திரும்பாத நிலை வந்தால், முன்னால் எடைக் கட்டைகள் மாட்ட வேண்டும்.

சிறிய டிராக்டர்களில் கருவியை மாட்டும் மூன்று புள்ளி இணைப்பு பெரும்பாலும் முதல் வகையைச் சேர்ந்தது: கீழ் பின் (மாட்டும் முளை) 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர். பெரிய டிராக்டருக்கான இரண்டாம் வகையில் இவை 28, 25 மில்லிமீட்டராக இருக்கும். ஸ்லீவ் போட்டு ஒப்பேற்றித் தருகிறேன் என்று சொன்னால், அந்தக் கருவி உங்கள் டிராக்டருக்காகச் செய்யப்பட்டதல்ல என்று புரிந்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: இப்போது அகலம்

நான் பின்பற்றுகிற கணக்கு இது. ஐந்து அங்குல ஆழத்துக்குச் செம்மண்ணில் ஓர் அடி அகலத்துக்கு 6 பி.டி.ஓ. குதிரைத்திறனும், கரிசலில் 7-ம் வைத்துக்கொள்ள வேண்டும். 24 குதிரைத்திறன் டிராக்டரில் பி.டி.ஓ. 20 என்றால் செம்மண்ணுக்கு மூன்றேகால் அடி, அதாவது ஒரு மீட்டர்; கரிசலுக்கு மூன்றடிக்குள். 18 குதிரைத்திறனுக்குச் செம்மண்ணில் இரண்டரை அடி, அதாவது கடைகளில் 80 சென்டிமீட்டர் என்று கிடைப்பது. 28 குதிரைத்திறனுக்குச் செம்மண்ணில் நாலடி, கரிசலில் மூன்றரை அடி. இரண்டு மண்ணும் உள்ளவர்கள் கரிசலுக்கான அளவையே வாங்க வேண்டும்; செம்மண்ணில் சற்று நேரம் கூடுதலாகும் என்பதைத் தவிர வேறு இழப்பில்லை.

இந்த அகலம் பின் டயர்களின் வெளி விளிம்பை மூடுகிறதா என்று அளந்து பாருங்கள். மூடாவிட்டால் ஒரு பக்கம் டயர் மிதித்த தடம் உழாமல் இறுகிக் கிடக்கும். அகலத்தைக் கூட்டுவதற்கு முன், டயர்களின் இடைவெளியைக் குறைக்க முடியுமா, ரோட்டவேட்டரை ஒரு பக்கமாக நகர்த்தி மாட்ட வசதி உள்ளதா என்று பாருங்கள். ஒரு பக்கம் நகர்த்தி மாட்டினால் கடைசியாக உழும் பக்கத்தில் டயர் தடம் மறையும். தென்னையில் தாழ்ந்த மட்டைகளுக்குக் கீழே டிராக்டரைக் கொண்டுபோகாமலேயே மரத்தை நெருங்கவும் முடியும்.

பயிர் இடைவெளியும் இங்கேதான் வருகிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் 25 அடிக்கு 25 அடி என்ற இடைவெளி இருப்பதால் எந்த மினி ரோட்டவேட்டரும் தாராளமாகப் புழங்கும்; ஆனால் மரத்தைச் சுற்றி ஆறு அடி வட்டத்துக்குள் ஆழமாக ஓட்டி வேரை அறுக்கக் கூடாது. ஆறு அடி இடைவெளி வாழையில் கன்று சிறிதாக இருக்கும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு மூன்றடிக் கருவி போகும். நாலடிக் கருவி போனால் ஓட்டுநரின் கண் ஒரு நொடி தவறினாலும் கன்று போய்விடும். மஞ்சளுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் நடவுக்கு முன் நிலம் தயாரிக்க மட்டுமே ரோட்டவேட்டர். நட்ட பிறகு பாருக்குள் அதற்கு வேலையில்லை. மரவள்ளியில் மூன்றடி இடைவெளிதான் என்பதால் அங்கேயும் அப்படித்தான்.

ஐந்தாம் படி: கருவியின் உள்ளே பார்த்தல்

அகலம் தெரிந்ததும், அதே அகலத்தில் ஐந்தாறு கருவிகள் கண்முன் நிற்கும். பெயின்டும் பெயரும் வேறு வேறாக இருக்கும். பார்க்க வேண்டியவை பிளேடு, ரோட்டர் (பிளேடுகள் மாட்டிய சுழல் தண்டு) வேகம், பக்கவாட்டு இயக்கம், சீல் ஆகிய நான்குதான்.

ஆஸ்திரேலியாவின் கில்காந்திரா என்ற ஊரில் 1912-இல் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டு என்பவர் தம் தந்தையின் பண்ணையில் நீராவி டிராக்டரின் சுழல் தண்டோடு ஒரு கருவியை இணைத்து மண்ணைக் கிளறிப் பார்த்தார். மண் இறுகாமல் கிளறப்பட்டது. ஆனால் பக்கவாட்டில் சிதறியது. சிறிய தண்டில் இடைவெளி விட்டுத் தட்டுகளைப் பொருத்தி, அவற்றில் எல் வடிவப் பிளேடுகளை மாட்டிய பிறகே அந்தக் குறை தீர்ந்தது. இன்று நம் ஊர்க் கடையில் நிற்கிற ரோட்டவேட்டரும் அதே அமைப்புதான். எல் பிளேடு களையையும் பயிர்த்தாளையும் வெட்டி மூடுவதில் சிறந்தது. நம் பகுதியின் பொதுவான வேலைக்கு அதுவே போதும். சேற்று வயலுக்கும் அப்பிக்கொள்ளும் கரிசலுக்கும் சி வடிவப் பிளேடு நல்லது. அதன் வளைவு மண்ணைக் குறைவாகத் தேய்ப்பதால் அடியில் மெழுகும் தீங்கும் குறையும். இரண்டு வகையையும் ஒரே தட்டில் மாற்றிப் போட முடியுமா என்று கேளுங்கள். பிளேடு போரான் எஃகினால் செய்யப்பட்டதா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். செம்மண் மணலில் சாதாரண இரும்பு சீக்கிரமே தேய்ந்துபோகும்.

ஒரு தட்டில் நான்கு பிளேடா ஆறு பிளேடா என்பது சிறு வேறுபாடாகத் தெரியலாம். ஒவ்வொரு தட்டிலும் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் வளைந்திருக்கும். மணிக்கு 2 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 33 மீட்டர். ரோட்டர் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றும்போது, ஆறு பிளேடுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று வீதம் 600 வெட்டுகள் விழும். ஒவ்வொரு வெட்டும் ஐந்தரை சென்டிமீட்டர் மண்ணை எடுக்கும். நான்கு பிளேடானால் வெட்டு எட்டு சென்டிமீட்டரைத் தாண்டும். ஆறு பிளேடு பொடியாக உழும், கூடுதல் திறனையும் கேட்கும். டிராக்டரின் வேகத்தை 3 கிலோமீட்டராகக் கூட்டினால் ஆறு பிளேடும் நான்கு பிளேடு போலவே உழும். கட்டி பெரிதாக விழுகிறது என்று கருவியைக் குறை சொல்லும் பலருடைய நிலத்தில் உண்மையான காரணம் இந்த வேகம்தான்.

ரோட்டர் வேகத்தை மாற்றும் வசதியுள்ள கியர் பாக்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பின்மூடியைக் கழற்றி இரண்டு பற்சக்கரங்களை இடம் மாற்றினால், அதே 540 சுற்றில் ரோட்டர் மெதுவாகவோ வேகமாகவோ சுழலும். கல் உள்ள இடத்துக்கும் ஈரக் கரிசலுக்கும் மெதுவான வேகம், வெங்காயத்துக்கும் மஞ்சளுக்கும் பொடி மண் வேண்டியபோது வேகம் என மாற்றிக்கொள்ளலாம்.

பக்கவாட்டு இயக்கம், அதாவது கியர் பாக்ஸின் சுழற்சியைப் பக்கத்திலிருந்து ரோட்டருக்குக் கொண்டுபோவது, சங்கிலியாக இருக்கலாம், கியராகவும் இருக்கலாம். சங்கிலி எடையும் விலையும் குறைந்தது. அதிர்ச்சியைச் சற்றுத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நாளடைவில் நீண்டு தளரும், அப்போது இறுக்க வேண்டும், இறுதியில் மாற்ற வேண்டும். கியர் எடை கூடியது, நெடுநாள் உழைக்கும். 20 குதிரைத்திறனுக்குக் கீழே, செம்மண்ணில், ஆண்டுக்கு நூறு மணி நேரத்துக்குள் ஓட்டுபவருக்குச் சங்கிலியே போதும் என்பது என் கருத்து. கரிசலும் சேறும் உள்ளவர்கள், வாடகைக்கும் ஓட்டப் போகிறவர்கள், ஹைட்ராலிக் எடையைத் தாங்குமானால் கியரையே எடுக்க வேண்டும்.

சீல் கண்ணுக்குத் தெரியாத உறுப்பு என்பதால் யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. ரோட்டர் தண்டின் இரு முனைகளிலும் மண்ணும் தண்ணீரும் பேரிங்குக்குள் போகாமல் தடுப்பது அதுதான். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால் வயல்களில் தொழி உழவுக்கு (சேற்று உழவுக்கு) பயன்படுத்தப் போகிறவர்கள், சேற்றுக்கென்று செய்யப்பட்ட உலோக முகச் சீல் உள்ளதா என்று உறுதிசெய்யாமல் வாங்கவே கூடாது. சொட்டுநீர்க் குழாயும் உரச்சாக்கு நூலும் ரோட்டரில் சுற்றிக்கொண்டால், சுழலும் வெப்பத்தில் உருகி இந்தச் சீலைத்தான் முதலில் கெடுக்கும். ஓட்டுவதற்கு முன் குழாய்களைச் சுருட்டி ஓரத்தில் வைப்பதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் கியர் பாக்ஸ் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். ரோட்டரைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. தட்டுகளில் வெல்டிங் அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: ஷாஃப்டும் உயிர்ப் பாதுகாப்பும்

மினி டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கும் கருவிக்கும் இடைவெளி குறைவு என்பதால், இரண்டையும் இணைக்க உடன் வரும் ஷாஃப்ட் பெரும்பாலும் நீளமாகவே இருக்கும், வெட்ட வேண்டியிருக்கும். கருவியை மேலும் கீழும் இயக்கி, மிகவும் நெருங்கிய நிலையிலும் குழாய்கள் முட்டாமலும், மிகவும் விலகிய நிலையிலும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்குமாறும் அளந்த பிறகே, இரு குழாய்களையும் அவற்றின் உறைகளையும் ஒரே அளவு வெட்ட வேண்டும். இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் நேராக நிற்க வேண்டும்; மாறி நின்றால் அதிர்வு ஏற்பட்டுக் கிராஸ் (கவைகளை இணைக்கும் சிலுவை மூட்டு) உடையும். கல்லில் மாட்டினால் கியரைக் காப்பாற்ற, அறுந்துபோகும் ஷியர் போல்ட்டோ வழுக்கும் கிளட்ச்சோ ஷாஃப்டில் இருக்க வேண்டும். ஷியர் போல்ட் அறுந்தால் அதே தரத்தில்தான் மாற்ற வேண்டும். கெட்டியான போல்ட்டைப் போட்டுவிட்டால் அடுத்த கல்லில் உடைவது கியர் பாக்ஸாக இருக்கும்.

ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுகிற வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. வேட்டி முனையோ தோளில் கிடக்கும் துண்டோ சேலைத் தலைப்போ அந்த ஷாஃப்டில் பட்டால், நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. ஆழம் இறங்கவில்லை என்று ரோட்டவேட்டரின் மேல் ஆளை நிற்க வைப்பதையும், பிள்ளைகளை மட்கார்டில் உட்கார வைத்து ஓட்டுவதையும் உடனே நிறுத்துங்கள். அடைப்பை எடுக்கவோ பிளேடைத் தொடவோ இறங்கினால் எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, பிளேடு முற்றிலும் நின்ற பிறகே கையை வைக்க வேண்டும். இதில் சலுகையே இல்லை.

ஏழாம் படி: மானியம், விலை, உதிரிபாகம்

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் ரோட்டவேட்டருக்கு மானியம் உண்டு. பொதுவாக 40 விழுக்காடும், சிறு குறு விவசாயிகள், மகளிர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 விழுக்காடும், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். உழவன் செயலியிலோ வேளாண்மைப் பொறியியல் துறையின் உபகோட்ட அலுவலகத்திலோ பதிவு செய்து, அனுமதி ஆணை கையில் கிடைத்த பிறகே வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் பணம் கிடைக்காது. மானியப் பட்டியலில் உள்ள கருவி என்பது அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சோதிக்கப்பட்டது என்று பொருள். அது உங்கள் மண்ணுக்குப் பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னி போன்ற சோதனை மையங்களின் அறிக்கையை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கி, அதில் எடை, பிளேடின் கடினத்தன்மை, தேவையான திறன் ஆகியவற்றை மட்டுமாவது படியுங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் விவசாயக் கருவிகளுக்கான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் திருத்தித் தரச் சொல்லுங்கள். விலையில் ஷாஃப்ட், வண்டி வாடகை, ஒரு செட் கூடுதல் போல்ட் நட்டு ஆகியவை அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். பிளேடும் சீலும் பேரிங்கும் உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் கிடைக்குமா என்று அந்தக் கடைக்கே போய்ப் பார்த்துவிடுங்கள். நம் பகுதியில் லேத் பட்டறைகள் நிறைய இருப்பதால் பின், புஷ் போன்றவற்றைக் கடைந்துகொள்ளலாம். பிளேடையும் பற்சக்கரத்தையும் பட்டறையில் செய்து போட்டால் நிற்காது. கோவை கொடிசியா வளாகத்தில் நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் கண்காட்சியில் பல கருவிகளை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கேயே முன்பணம் கொடுத்துவிடாமல் அளவுகளை மட்டும் குறித்துக்கொண்டு வருவது நல்லது.

எட்டாம் படி: சொந்த நிலத்தில் ஓட்டிப் பார்த்தல்

விற்பனையாளரின் மாதிரி வயலில் எல்லாக் கருவியும் நன்றாகவே உழும். உங்கள் டிராக்டரில் மாட்டி, உங்கள் நிலத்திலேயே மிகக் கடினமான அரை ஏக்கரில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எஞ்சின் சுற்றை 540 கோட்டில் வைத்து, முதல் கியரில், ஐந்து அங்குலம் இறக்கி ஐம்பது அடி ஓட்டுங்கள். சுற்று பத்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தால் அந்தக் கருவி உங்கள் டிராக்டருக்கு அகலம் அதிகம். உழுத இடத்தில் ஒரு குச்சியைக் குத்தி இரு ஓரங்களிலும் நடுவிலும் ஆழம் அளந்து பாருங்கள்; வேறுபட்டால் கருவி சமமாக மாட்டப்படவில்லை. பின்பலகையைத் தாழ்த்தினால் கட்டிகள் அதில் மோதி உடைந்து நிலம் சமப்படும். உயர்த்தினால் மண் புரளும். இரண்டு நிலைகளிலும் ஓட்டிப் பாருங்கள். திருப்புமிடத்தில் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுத் தூக்கி, பிளேடு தரையிலிருந்து போதிய உயரம் எழுகிறதா, டயரையோ மட்கார்டையோ தொடுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கருவி வீட்டுக்கு வந்த பிறகு முதல் பத்து மணி நேரம் முக்கியமானது. புதுப் பிளேடு போல்ட்டுகள் அதிர்வில் தளரும். முதல் இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், பத்து மணி நேரத்துக்குப் பின் ஒருமுறையும் எல்லாவற்றையும் இறுக்குங்கள். கியர் பாக்ஸிலும் பக்கப் பெட்டியிலும் ஆயில் அளவைப் பார்த்து, முதல் ஆயில் மாற்றத்தைக் கையேட்டில் சொன்ன மணி நேரத்துக்குள் செய்துவிடுங்கள். புது பற்சக்கரங்களிலிருந்து உதிரும் இரும்புத் துகள் முதல் ஆயிலில்தான் அதிகம் இருக்கும். கிராஸ்களுக்குத் தினமும் கிரீஸ் அடியுங்கள். பின்னாளில் தேய்ந்த பிளேடை மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டுங்கள். பிளேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணில் இறங்கும்படி சுருள் வரிசையில் அமைக்கப்பட்டிருக்கின்றன. அந்த வரிசை மாறினால் நான்கு பிளேடுகள் ஒரே நேரத்தில் மண்ணை அடித்து, டிராக்டர் முழுவதும் அதிரும்.